லைசென்ஸில் பெயர் இல்லாத பங்குதாரர்

ஓசூரிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 37. வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கிறார். அவருடைய கல்லூரி நண்பர் பெங்களூரில் மைக்ரோப்ரூவரியுடன் (அங்கேயே பீர் காய்ச்சி விற்கும் சிற்றாலை) கூடிய உணவகம் நடத்துகிறார். மேல்மாடியையும் வாடகைக்கு எடுத்து, பீர் ஊறவைக்கும் தொட்டிகளைக் கூட்டப் போகிறாராம். 45 லட்சம் போட்டால் 12 சதவீதப் பங்கு, அதோடு லாபம் வந்தாலும் வராவிட்டாலும் மாதம் 2 சதவீதம் தருவதாகச் சொல்கிறார். 30 லட்சம் வங்கி வழியாக, 15 லட்சம் ரொக்கமாக. "நீ ஸ்லீப்பிங் பார்ட்னர்தானே, லைசென்ஸில் பெயர் எதற்கு? ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக்கொள்வோம்" என்பது நண்பரின் யோசனை. ஸ்லீப்பிங் பார்ட்னர் என்றால் பணம் மட்டும் போட்டு நிர்வாகத்தில் தலையிடாத கூட்டாளி. லைசென்ஸ் நண்பர் பெயரிலும் இல்லை. ஒரு பெரியவரிடமிருந்து குத்தகைக்கு எடுத்தது.

பணத்துக்கு, கிருஷ்ணகிரி பக்கம் உள்ள தாத்தா காலத்து நிலத்தை விற்க நினைக்கிறார். பட்டா அப்பா பெயரில் இருக்கிறது. தங்கைக்குக் கல்யாணத்தின்போது நகை, சீர் எல்லாம் செய்தாகிவிட்டது, அதனால் அந்தப் பக்கம் பிரச்சினை இல்லை என்கிறார். குடியே தெரியாத அப்பாவிடம் "ஹோட்டல்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். மனைவிக்குச் சம்மதமில்லை. "இவ்வளவு லாபம்னா பாங்க்காரன் ஏன் கொடுக்கலை?" என்று கேட்டாராம்.

நண்பர் அனுப்பிய வரைபடத்தையும் இணைத்திருக்கிறார். இந்தியர் ஒருவர் ஆண்டுக்குக் குடிக்கும் பீர் சராசரியாக 2 லிட்டர்தான், சீனாவில் அதைவிடப் பல மடங்கு, ஆகவே இங்கே பத்து மடங்கு வளர்ச்சி நிச்சயம் என்கிறது அது. வாசகரின் கேள்விகள் மூன்று. இந்தக் கணக்கு சரிதானா? ஸ்டாம்ப் பேப்பர் ஒப்பந்தம் போதுமா? இல்லாவிட்டால் அதே பணத்தை ஒரு பீர் கம்பெனியின் பங்குகளில் போடலாமா?

ஓசூர் நண்பரே, உங்கள் மனைவி கேட்டதுதான் இந்தக் கடிதத்திலேயே சரியான கேள்வி. அதற்குப் பதில் உங்கள் இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. ஆனால் நீங்கள் வரைபடத்தை நம்பித்தான் நிலத்தை விற்கும் அளவுக்கு வந்திருக்கிறீர்கள் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தலைக்கு 2 லிட்டர் என்பது ஏறக்குறைய சரிதான். செக் நாட்டில் அது 120 லிட்டருக்கு மேல். அதைப் பார்த்து யாரும் நாமும் நாளைக்கு அங்கே போய்விடுவோம் என்று சொல்வதில்லை. ஆனால் சீனாவைக் காட்டினால் மட்டும் நம்பத் தோன்றுகிறது. அந்தச் சீனாவின் கதையையே முழுதாகப் பாருங்கள். அங்கே பீர் உற்பத்தி 2013-ல் 5 கோடி கிலோலிட்டரைத் தாண்டி உச்சம் தொட்டது. அப்புறம் இறங்கத் தொடங்கி, 2024-ல் மூன்றரைக் கோடி கிலோலிட்டர் அளவில் நிற்கிறது. ஜெர்மனியில் 2025-ன் முதல் ஆறு மாத விற்பனை 400 கோடி லிட்டருக்குக் கீழே போனது; 1993-ல் இந்தக் கணக்கெடுப்பு தொடங்கிய பிறகு ஓர் அரையாண்டில் இப்படி நடந்தது அதுதான் முதல்முறை. குறைவாகக் குடிக்கும் நாடு அதிகம் குடிக்கும் நாடாகத்தான் மாற வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

இங்கே 2 லிட்டரில் நிற்பதற்குக் காரணம் ஆட்களுக்குப் பீர் அறிமுகமாகவில்லை என்பதல்ல. நீலகிரியிலும் பெங்களூரிலும் இருந்த சிறு பீர் ஆலைகளைச் சேர்த்து தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் யுனைடெட் புரூவரீஸைத் தொடங்கியது 1915-ல். நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் உலகச் சுகாதார நிறுவனத்தின் 2018 அறிக்கைப்படி, இந்தியாவில் கணக்கில் வரும் மதுவில், அதிலுள்ள ஆல்கஹால் அளவை வைத்துப் பார்த்தால், 92 சதவீதம் பிராந்தி, விஸ்கி, ரம் வகையறா. பீரின் பங்கு 8 சதவீதம்தான். பல மாநிலங்களில் வரி பெரும்பாலும் லிட்டர் கணக்கில் விழுகிறது. உள்ளே எவ்வளவு ஆல்கஹால் இருக்கிறது என்பதைப் பார்த்து அல்ல. அதனால் போதைக்காகக் குடிப்பவருக்கு 'ஹாட்' மலிவு, பீர் விலை அதிகம். பீர் குடிப்பவர்களும் கொடுத்த காசுக்கு ஏறட்டும் என்று ஸ்ட்ராங் பீருக்குப் போகிறார்கள். இந்திய பீர் விற்பனையில் 80 சதவீதத்துக்கு மேல் ஸ்ட்ராங்தான். ஆக, அந்த வரைபடம் காட்டும் வளர்ச்சி எங்கே நடக்கும் என்றால் ஒயின் ஷாப்பில், 650 மில்லி ஸ்ட்ராங் பாட்டிலில் நடக்கும். உங்கள் நண்பர் விற்பது சனிக்கிழமை மாலை ஐடி இளைஞர்கள் வந்து உட்கார்ந்து குடிக்கும் கோதுமை பீர். அது பெங்களூர் வாடகை, சமையல்காரர் சம்பளம், வார இறுதிக் கூட்டம் ஆகியவற்றை நம்பியிருக்கும் உணவகத் தொழில். தேசியப் பீர் சந்தை இரண்டு மடங்கு ஆனாலும் அந்த மேல்மாடியில் நாற்காலி நிறையும் என்று சொல்ல முடியாது.

இந்தியா ஒரே சந்தை அல்ல

மது மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம். குடிக்கும் மது ஜிஎஸ்டிக்கு வெளியே நிற்கிறது. ஆகவே வாங்கும் பாட்டிலுக்கும், இயந்திரத்துக்கும், வாடகைக்கும் கட்டிய ஜிஎஸ்டியைப் பீர் விற்பனையில் கழித்துக்கொள்ள வழியில்லை. ஒவ்வொரு மாநிலமும் தனி வரி, தனி விலை, தனி லேபிள் பதிவு வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை விற்பனையே டாஸ்மாக் கையில். தெலங்கானாவில் கம்பெனிகள் அரசுக் கழகத்துக்குத்தான் விற்க வேண்டும்.

அந்தத் தெலங்கானாவில் நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2025 ஜனவரியில் யுனைடெட் புரூவரீஸ் அங்கே பீர் அனுப்புவதையே நிறுத்தியது. 2019-20-க்குப் பிறகு விலை ஏற்றித் தரவில்லை, பல நூறு கோடி பாக்கி வேறு என்பது அதன் புகார். இரண்டு வாரத்துக்குள் பேச்சு நடந்து சப்ளை மீண்டும் தொடங்கியது, பிப்ரவரியில் அரசு 15 சதவீதம் விலை ஏற்றிக் கொடுத்தது. கிங்ஃபிஷர் விற்கிற, நாட்டின் மிகப்பெரிய பீர் கம்பெனியே தன் பொருளின் விலையைத் தானே நிர்ணயிக்க முடியாத தொழில் இது.

கர்நாடகத்துக்கு வருவோம். பீர் மீதான கூடுதல் கலால் வரி 2023 ஜூலையில் 175 சதவீதத்திலிருந்து 185 ஆனது. 2024 பிப்ரவரியில் 195. 2025 ஜனவரியில் மீண்டும் கை வைத்தார்கள். இது பாட்டில் பீருக்கு; மைக்ரோப்ரூவரிக்குத் தனிக் கணக்கு. ஆனால் அரசு அதே அரசுதான். இலவசத் திட்டங்களுக்குப் பணம் தேவைப்படும்போது முதலில் திறப்பது கலால் கோப்பைத்தான், எந்தக் கட்சி இருந்தாலும்.

வரி உயர்வையாவது விலையில் ஏற்றலாம். மூடச் சொன்னால்? பீகாரில் 2016 ஏப்ரலில் மதுவிலக்கு வந்தபோது பாட்னா அருகே ஆலை வைத்திருந்த பெரிய நிறுவனங்கள் அந்த முதலீட்டை வைத்துக்கொண்டு திகைத்து நின்றன. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது என்றது. 2017-ல் பெங்களூரில் எம்.ஜி. ரோடு பக்கமெல்லாம் பார்கள் மூடப்பட்டன. நகர எல்லைக்குள் அது பொருந்தாது என்று விளக்கம் வருவதற்குள் மூடிக்கிடந்த காலத்து வாடகை போனது போனதுதான். இதை எதிர்த்து, என் தொழில் செய்யும் உரிமை பறிபோகிறது என்று வழக்குப் போடலாமே என்று தோன்றும். மது வியாபாரம் அடிப்படை உரிமை அல்ல என்று 1994-லேயே கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மளிகைக் கடைக்காரருக்கு உள்ள அரசியல் சாசனப் பாதுகாப்பு பார் உரிமையாளருக்குக் கிடையாது.

காகிதத்தில் ஒரு எழுத்து மாறினால் என்ன ஆகும் என்பதற்கு பிரா 91 என்ற பீர் நிறுவனம் நல்ல உதாரணம். அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்குப் போகும் திட்டத்தில் தன் பெயரிலிருந்த 'பிரைவேட்' என்ற சொல்லை எடுத்தது. சட்டப்படி சாதாரண மாற்றம். ஆனால் மாநிலங்கள் அதைப் புதிய கம்பெனியாகப் பார்த்தன. லேபிள்களை மாநிலம் மாநிலமாக மறுபடி பதிவு செய்ய வேண்டியிருந்தது. விற்பனை மாதக்கணக்கில் முடங்கியது. பழைய பெயர் அச்சடித்த சரக்கு வீணானது. 2023-24-ல் அதன் விற்பனை வருவாய் 638 கோடி, நஷ்டம் 748 கோடி. முதலீட்டாளர்களும் வக்கீல்களும் நிறைந்த ஒரு கம்பெனிக்கு இந்த நிலை. நீங்களோ லைசென்ஸில் பெயரே இல்லாமல் உள்ளே போகப் பார்க்கிறீர்கள்.

ஸ்டாம்ப் பேப்பர் எவ்வளவு தாங்கும்?

ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிவிட்டால் எதுவும் செல்லும் என்பது நம் ஊரில் பரவலான நம்பிக்கை. எழுதப்படும் விஷயம் சட்டத்துக்கு உட்பட்டதாக இருந்தால்தான் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு.

மது லைசென்ஸ் ஒரு குறிப்பிட்ட நபருக்கு, அவரை விசாரித்துக் கொடுக்கப்படுவது. அனுமதி இல்லாமல் அதை மாற்றிக் கொடுப்பதையும் உள்வாடகைக்கு விடுவதையும் கூட்டாளியைச் சேர்ப்பதையும் கலால் விதிகள் தடுக்கின்றன. பிஹாரி லால் ஜெய்ஸ்வால் வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: அப்படி அனுமதியின்றி உருவாக்கிய கூட்டாண்மை ஒப்பந்தச் சட்டத்தின் 23-ம் பிரிவுப்படி சட்டவிரோதமானது, வருமான வரித்துறைகூட அதை ஒரு நிறுவனமாக ஏற்க வேண்டியதில்லை. உங்கள் நண்பர் நாளைக்குப் பணம் தரவில்லை என்று நீங்கள் நீதிமன்றம் போனால், அவருடைய வக்கீல் முதலில் எடுத்துக்காட்டப் போவது இதைத்தான். "இந்த ஒப்பந்தமே செல்லாது" என்று உங்களை ஏமாற்றியவரே சொல்லலாம். சட்டம் அதைக் கேட்டுக்கொள்ளும்.

உங்கள் விஷயத்தில் இன்னொரு அடுக்கு இருக்கிறது. கர்நாடகத்தில் சிஎல்-9 எனப்படும் பார் லைசென்ஸ் 1992 முதல் பொதுவாகப் புதிதாகத் தரப்படுவதில்லை. அதனால் பழைய லைசென்ஸ்களுக்குப் பெரிய கிராக்கி. அவற்றை வெளியே தெரியாமல் குத்தகைக்கு விடுவது அங்கே சாதாரண நடைமுறை. சாதாரணம் என்பதால் சட்டபூர்வம் ஆகிவிடாது. மைக்ரோப்ரூவரி அனுமதியும் இப்படி ஏற்கெனவே உள்ள ஒரு லைசென்ஸோடு ஒட்டித்தான் வரும். அந்தப் பெரியவர் காலமானாலோ, அவருடைய பிள்ளைகள் கூடுதல் குத்தகை கேட்டாலோ, நண்பரின் தொட்டிகள் வெறும் எவர்சில்வர் அண்டாக்கள்தான். வங்கி ஏன் கொடுக்கவில்லை என்று உங்கள் மனைவி கேட்டாரே, வங்கி முதலில் பார்ப்பது இதைத்தான்.

'ஸ்லீப்பிங் பார்ட்னர்' என்றால் பொறுப்பும் தூங்கும் என்று நினைக்கிறீர்கள். கூட்டாண்மைச் சட்டத்தின் 25-ம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. ஒப்பந்தத்தைக் காட்டி உங்களைப் பார்ட்னர் என்று யாராவது நிறுவிவிட்டால், நிறுவனத்தின் கடன் முழுவதற்கும், வாடகை பாக்கிக்கும் சப்ளையர் பில்லுக்கும் சேர்த்து, நீங்கள் தனியாகவும் பொறுப்பு. 12 சதவீதப் பங்கு என்பதால் 12 சதவீதக் கடன் அல்ல. மறுபுறம், நிறுவனம் பதிவு செய்யப்படாவிட்டால் 69-ம் பிரிவு உங்களை நிறுவனத்தின் மீதோ மற்றக் கூட்டாளி மீதோ ஒப்பந்த உரிமைக்காக வழக்குப் போட விடாது. நிறுவனத்தைக் கலைக்கக் கேட்கலாம், கணக்குக் கேட்கலாம், அவ்வளவுதான். கொடுக்கும்போது நீங்கள் பார்ட்னர், கேட்கும்போது யாரோ.

மாதம் 2 சதவீதமும் 15 லட்சம் ரொக்கமும்

45 லட்சத்துக்கு 2 சதவீதம் என்றால் மாதம் 90,000 ரூபாய், ஆண்டுக்கு 24 சதவீதம். லாபம் இல்லாத மாதத்திலும் இதைத் தருவேன் என்று ஒருவர் சொன்னால் அது பங்கு அல்ல, கடன். அதுவும் மற்ற கதவுகள் மூடிய பிறகு வாங்குகிற கடன். வட்டி முதல் ஆறு மாதம் ஒழுங்காக வரலாம். அது உங்கள் பணத்திலிருந்தே வருகிறதா என்று அவருடைய கணக்கைப் பார்க்காமல் சொல்ல முடியாது.

ரொக்கம் வேண்டவே வேண்டாம். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, அபராதம் வாங்கியவருக்குத்தான். ஆனால் அந்த 15 லட்சத்தைக் கொடுத்தீர்கள் என்பதை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். அது எங்கிருந்து வந்தது என்று வருமான வரித்துறைக்குச் சொல்ல வேண்டியவரும் நீங்களே.

நிலமும் தங்கையும்

சீர் செய்தாகிவிட்டது என்பதால் தங்கைக்குப் பங்கில்லை என்று நினைப்பது தவறு. நிலம் பூர்வீகச் சொத்து என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்தின்படி மகளும் மகனைப் போலப் பிறப்பாலேயே பங்குதாரர். கல்யாணம் ஆனதும் நகை போட்டதும் அந்த உரிமையைக் கரைக்காது. 2020-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இருந்த சந்தேகங்களையும் தீர்த்துவிட்டது. ஒருவேளை அது தாத்தா சுயமாகச் சம்பாதித்து, அப்பாவுக்கு வாரிசாக வந்த நிலம் என்றால், அது அப்பாவின் தனிச் சொத்தாக இருக்கலாம். அப்போது முடிவு அப்பாவுடையது. உங்களுக்கே இப்போது பங்கு கிடையாது. எது என்பதைப் பட்டா சொல்லாது. மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் உள்ளூர் வக்கீலிடம் காட்டுங்கள்.

இரண்டில் எதுவானாலும் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். அவரிடம் "ஹோட்டல்" என்று சொல்லி வாங்கும் கையெழுத்தை நான் ஏற்க மாட்டேன். பீர் விற்பது தவறா சரியா என்பது உங்கள் குடும்பம் பேசி முடிவு செய்யும் விஷயம், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் தன் நிலம் எதற்காகப் போகிறது என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

இருந்தும் நண்பருக்கு உதவ வேண்டும் என்றால்

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கடன் என்று நேராக ஒப்புக்கொண்டு, நியாயமான வட்டியில், வங்கி வழியாக மட்டும், அவருடைய சொந்தச் சொத்தை அடமானமாகப் பதிவு செய்து கொடுப்பது. நிலத்தை விற்காமல் உங்கள் சேமிப்பில் இழந்தாலும் சமாளிக்கக்கூடிய தொகை எவ்வளவோ அவ்வளவு மட்டும். இன்னொன்று, தொழிலும் லைசென்ஸும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் பெயருக்கு முறையாக மாறிய பிறகு, கலால் துறையின் அனுமதியோடு பங்கு வாங்குவது. அங்கே உங்கள் நஷ்டம் போட்ட பணத்தோடு நிற்கும், நீங்கள் தனிப்பட்ட உத்தரவாதம் எதிலும் கையெழுத்துப் போடாதவரை. லைசென்ஸ் மாற்றத்துக்குக் கர்நாடக விதிகளில் வழி இருக்கிறது. கட்டணமும் காலமும் பிடிக்கும். நண்பர் தொழிலில் நிலைக்க நினைப்பவர் என்றால் இதை உங்களுக்காக அல்ல, தனக்காகவே செய்துகொள்ள வேண்டும்.

பங்குச் சந்தை பற்றிச் சுருக்கமாக. ஹைனெக்கென், கார்ல்ஸ்பெர்க், பட்வைசரின் ஏபி இன்பெவ் ஆகிய மூன்று உலக நிறுவனங்களின் கையில்தான் நம் பீர் சந்தையின் பெரும்பகுதி இருக்கிறது. இவற்றில் இந்தியச் சந்தையில் பட்டியலில் உள்ளது யுனைடெட் புரூவரீஸ். 2021 முதல் அதன் பெரும்பான்மைப் பங்கு ஹைனெக்கெனிடம். அதே ஆண்டு, பல ஆண்டுகள் கூட்டுச் சேர்ந்து விலை நிர்ணயித்ததாக இந்தியப் போட்டி ஆணையம் அதற்கு 750 கோடிக்கு மேல் அபராதம் விதித்து, அது மேல்முறையீட்டுக்குப் போனது. நான் மேலே சொன்ன வரி அபாயம் எல்லாம் இந்தப் பங்குக்கும் உண்டு. ஆனால் பிடிக்கவில்லை என்றால் மறுநாள் காலை விற்றுவிடலாம், யாருடைய வாடகை பாக்கிக்கும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்ட மாட்டார்கள். வாங்கலாமா என்பதற்கு செபியில் பதிவு பெற்ற ஆலோசகரைக் கேளுங்கள். அது என் வேலை இல்லை.

இப்போதைக்கு நண்பரிடம் நான்கு காகிதங்கள் கேளுங்கள்: நடப்பு ஆண்டுக்கான லைசென்ஸ் புதுப்பிப்பு நகல் (அங்கே கலால் ஆண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது), பெரியவரோடு போட்ட குத்தகை ஒப்பந்தம், கட்டட உரிமையாளரோடு உள்ள வாடகை ஒப்பந்தம், கடந்த மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்குத் தாக்கல். "என் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று கோபித்துக்கொண்டால், வக்கீல் கேட்கிறார் என்று பழியை என் மேல் போடுங்கள். வந்த நகல்களை எனக்கு அனுப்பினால் படித்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை நிலத்துக்கு அட்வான்ஸ் எதுவும் வாங்க வேண்டாம்.